ஆரஞ்சு என்றால் நலம்

ஜனவரி 8, திங்கள்

புது ஆள் வந்துவிட்டான். ரெமிஜியுஸ் மச்சாது, தூத்துக்குடி, வயது முப்பத்து மூன்று. பதினைந்து வருடம் சங்கு குளித்தவனாம். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். "இளவழகன், இவருக்கு நாம சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட் மட்டும் குடுத்தாப் போதும்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்தப் புதுச்சேரிக் கடலில் இருபத்திரண்டு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவன் நான். சரி, பார்ப்போம் என்று சிரித்து வைத்தேன்.

சட்டையைக் கொடுத்ததும் அவன் முழித்த முழி இருக்கிறதே! சங்குக்காரர்கள் வாயில் ஒரு ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள். மிதக்கவும் அமிழவும் உதவுகிற சட்டையை அவன் போட்டுப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் காட்டினேன். இடது கைப் பக்கம் பட்டன், அழுத்தினால் முதுகுச் சிலிண்டரிலிருந்து சட்டைக்குள் காற்று ஏறும், ஆள் மேலே போவான். பின்னால் இடுப்புக்கருகில் வால்வு, கயிற்றை இழுத்தால் காற்று வெளியே போகும், ஆள் இறங்குவான். தோளில் விசில். இடுப்பில் ஈய பெல்ட். ஆபத்து என்றால் முதல் வேலை அதை அவிழ்த்து விடுவது. வலது பாக்கெட்டில் ஆரஞ்சு பலூன், இடது பாக்கெட்டில் மஞ்சள் பலூன். இரண்டும் ஊதினால் ஆளுயரம் வரும் குழாய். நூலில் கட்டிக் கீழிருந்து விட்டால் கடல் மேல் போய் நிற்கும். ஆரஞ்சு என்றால் 'இங்கே இருக்கிறேன், நலம், வசதிப்பட்டபோது வந்து ஏற்றிக்கொள்' என்று படகுக்குச் சொல்வது. மஞ்சள் என்றால் 'ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா.'

எல்லாம் கேட்டுவிட்டு, "மூச்ச இழுத்தா மேல, விட்டாக் கீழ. இதுக்கு எதுக்குண்ணே பட்டனு?" என்றான்.

"அண்ணன் இல்ல. மாஸ்டர்" என்றேன்.

"சரி மாஸ்டர்" என்று சிரித்தான். பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற ஆள். எனக்குப் பிடிக்கவில்லை.

என் மேற்பார்வையில் அறுபது டைவ் முடித்தால் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்துக்கொண்டு போர்ட் பிளேரில் ஒரு டைவ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவானாம். மனைவி ஜெசிந்தா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருடத்தில் சேர்ந்து இருந்தது பதினான்கு மாதம்தானாம். கேட்காமலே சொன்னான்.

ஜனவரி 12, வெள்ளி

சாமான்கள் கழுவும் நாள். எல்லாச் சட்டைகளையும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். ஒன்பதில் எட்டு சரி. ஒன்றில் பின் வால்வு வழியாகக் குமிழி வருகிறது. வாஷர் தேய்ந்திருக்கிறது. அது என்னுடையது. கசியும் சட்டையைச் சிவப்புக் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று போர்டில் எழுதி வைத்தவனும் நான்தான். மாட்டினால் முதலாளி 'உங்க சட்டையுமா?' என்று கேட்பார். அடுத்த வாரம் வாஷர் வரவழைத்துக்கொள்ளலாம்.

ரெமி பலூனை மடிக்க மாட்டேன் என்கிறான். நான் சொல்லிக்கொடுப்பது விசிறி மடிப்பு: ஒரு சாண், திருப்பி ஒரு சாண், வாய் வெளியே தெரிய. இவன் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிப் பாக்கெட்டில் செருகுகிறான். மூன்று தடவை அவிழ்த்துப் போட்டு மடிக்க வைத்தேன். மடித்தான். நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி சுருட்டினான்.

"கைக்கு இதான் வருது மாஸ்டர். ஒரு உதறு உதறுனா நேரா நிக்கும், பாருங்க."

உதறினான். நின்றது. அது வேறு விஷயம்.

ஜனவரி 19, வெள்ளி

ஒரே ஆழம், ஒரே நேரம். மேலே வந்தபோது மீதிக் காற்றைக் காட்டும் முள் என் சிலிண்டரில் அறுபதில், அவனுடையதில் நூற்று இருபதில். மீனுக்குப் பிறந்தவன் மாதிரி மூச்சு விடுகிறான். ஹைதராபாத்திலிருந்து வந்த டாக்டரம்மா என்னிடமே வந்து "அந்த ரெமி சாரோட நாளைக்கும் போகலாமா?" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு "தாராளமா" என்றேன்.

ஜனவரி 24, புதன்

இன்று நல்ல வேடிக்கை.

காலை இரண்டாவது டைவ். பாறைக்கருகில் ஒரு விருந்தாளியின் கால் பழைய வலையில் மாட்டிக்கொண்டது. கூட இருந்தவன் ரெமி. உடனே மஞ்சள் விட்டுவிட்டான். படகில் நானும் சுப்புராயனும். சுப்புராயன் முப்பது வருடம் வலை போட்டவன், பத்து வருடமாக எங்கள் படகை ஓட்டுகிறவன். மஞ்சளைப் பார்த்ததும் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுப் பறந்தான். படகில் இருந்த மற்ற விருந்தாளிகள் அலறினார்கள், ஒரு அம்மாள் வாந்தி எடுத்தாள். போய்ச் சேர்ந்தால் ரெமி அதற்குள் வலையை அறுத்து, ஆளை மேலே கொண்டுவந்து, இருவரும் சிரித்துக்கொண்டு மிதக்கிறார்கள்.

"அறுக்க முடியுமோ முடியாதோன்னு தெரியல மாஸ்டர். அதான் மொதல்ல விட்டுட்டு அப்புறம் அறுத்தேன்" என்றான்.

சொன்னது சரிதான். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நங்கூரம் போயிற்று.

சுப்புராயன்தான் ஆரம்பித்தான். "இன்னா ரெமி, அதுக்குள்ள மஞ்ச கடுதாசி குட்துட்ட?"

திவாலானவன் 'என்னால் ஆகாது, கையை விரிக்கிறேன்' என்று ஊருக்கு அறிவிப்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற பேச்சு அது. படகே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. கரைக்கு வந்ததும் மஞ்சள் பலூனை ஊதி அவன் கழுத்தில் வளைத்துக் கட்டி, "சாயந்திரம் வரைக்கும் கழட்டக் கூடாது" என்றேன். விருந்தாளிகளுக்கு டீ கொடுத்ததும் அதோடுதான். போட்டோ எடுத்தேன். அதிலும் பல் தெரியச் சிரிக்கிறான், தடியன்.

ஜனவரி 25, வியாழன்

போட்டோவைப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியாயிற்று. கீழே 'மஞ்சக் கடுதாசி' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தாள் ஒட்டியது நான் இல்லை. கிழிக்கவும் இல்லை.

ரெமியைக் கூப்பிட்டு, தேவையில்லாமல் மஞ்சள் விட்டால் அதுவரை செய்த டைவ் எதுவும் கணக்கில் வராது என்றேன். அப்படி விதி எங்கும் கிடையாது. நேற்று வரை இருபத்து மூன்று முடித்திருந்தான்.

"அப்ப மாஸ்டர்?"

"அப்ப என்ன? ஒண்ணுல இருந்து ஆரம்பி."

அவன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனதை முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு போய்த் தொட்டியில் சட்டைகளைக் கழுவினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தான். இன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் கறி மீன் தொடமாட்டானாம். எல்லோருக்கும் கோழி பிரியாணி வரவழைத்தேன். அவனுக்கும் ஒரு பொட்டலம் வைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டுச் சுப்புராயனிடம் தள்ளிவிட்டு வாழைப்பழம் தின்றான்.

பதினெட்டு டைவ் ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

வாஷர் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. டைவுக்கு முன் சட்டையைக் கொஞ்சம் அதிகம் ஊதிக்கொண்டால் சமாளிக்க முடிகிறது.

ரெமியின் சட்டையில் விசில் கயிறு நைந்திருந்தது. சிவப்புக் கொக்கியில் மாட்டிவிட்டு அவனை ஒரு நாள் கரையில் உட்கார வைத்தேன். பாதுகாப்பில் விளையாடக் கூடாது.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஷெட்டுக்குப் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் ஒட்டுக் கேட்கவில்லை; சிலிண்டர் எடுக்கப் போனேன்.

"வந்துருவேன் ஜெசி. ஈஸ்டருக்கு முந்தி வந்துருவேன்... ஏன் வெரட்டுத? நானா வேணும்னு இருக்கேன்? ... ஏப்ரல் ஒண்ணு வரைக்கும்தான் வேலைய வச்சிருப்பாகன்னு எனக்கும் தெரியும்லா... சரி, அழாத."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "முப்பத்தொண்ணு ஆயிருக்கு மாஸ்டர். நாளைக்கி மூணு டைவ் போட்டுக்கிடட்டுமா?"

"ரெண்டுதான் ரூல்" என்றேன். அது உண்மையிலேயே ரூல்.

மார்ச் 8, வெள்ளி

ரெமியோடு போன விருந்தாளிக்குப் பதினாறு மீட்டர் ஆழத்தில் காற்று தீர்ந்துபோனது. தன் குழாயைக் கொடுத்து, ஒரே சிலிண்டரில் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். விட்டது ஆரஞ்சு. மேலே வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அந்த ஆள் வெளுத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார்.

சுப்புராயன் என்னிடம் தனியாக, "மாஸ்டரே, இதுக்கு மஞ்சதான வுடணும்?" என்றான்.

"சமாளிச்சுட்டான்ல?" என்றேன்.

இந்த ஒன்றரை மாதத்தில் மற்ற கைடுகள்கூட ஒரு மஞ்சள் விடவில்லை. ஒழுங்கு என்றால் இதுதான். போட்டோ சும்மா சுவரில் தொங்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

ஐம்பத்தெட்டு. நாளை இரண்டு போட்டால் முடிந்தது. ஞாயிறு குருத்தோலைப் பூசை முடிந்ததும் சென்னை போய், திங்கட்கிழமை விமானமாம். டிக்கெட்டை எடுத்துக் காட்டினான்.

"அறுபது முடிஞ்சா மட்டும் போதாது. ஒரு டெஸ்ட் வைப்பேன். அது ஒரு வாரம் ஆகும்" என்றேன்.

முகம் செத்துவிட்டது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்யா" என்றேன். அப்பாடா என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்று இருந்தது.

மார்ச் 23, சனி

ரெமி கடலோடு போய்விட்டான். தேடிக்கொண்டிருக்கிறார்கள். எழுத முடியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

துறைமுகத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிக்கையின் நகல்:

'23ஆம் தேதி காலை முதல் டைவ் முடிந்து விருந்தாளிகள் நால்வரும் படகை நெருங்கிய நிலையில், ஒருவருடைய கேமரா கீழே தவறியது. அதை எடுக்க நானும் பயிற்சி பெறுபவரான ரெமிஜியுஸும் மீண்டும் இறங்கினோம். நீரோட்டம் எங்களைக் கிழக்கே தள்ளியது. மேலே வரும் வழியில் என் சட்டையின் வால்வு எதிர்பாராமல் பழுதடைந்தது. பயிற்சி பெறுபவர் மஞ்சள் பலூனுக்குப் பதிலாக ஆரஞ்சு பலூனை மேலே விட்டார். ஆகவே படகு அவசரம் காட்டவில்லை. கடல் மேல் வந்தபின் அவர் தன் சட்டையைக் கழற்றி எனக்குத் தந்தார். பின்னர் என் எச்சரிக்கையை மீறிப் படகை நோக்கித் தனியே நீந்தினார். அன்று அவருக்கு ஐம்பத்தொன்பதாவது டைவ். மஞ்சள் விட்டால் டைவ் கணக்கு கெட்டு, போர்ட் பிளேர் போவது தள்ளிப்போகும் என்ற அச்சத்தில் அவர் இவ்வாறு செய்திருக்கக்கூடும்.'

அதிகாரி ஒருவர், "நீங்க ஈய பெல்ட்டை அவுத்தீங்களா?" என்று கேட்டார்.

"அவுத்தேன் சார். அதான முதல் வேலை" என்றேன்.

சுப்புராயன் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் படகில் தூக்கிப் போட்டபோது என் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்தவன் அவன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 25, திங்கள்

தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் கரை ஒதுங்கினான். நான்தான் அடையாளம் காட்டினேன். ஒரு காலில் துடுப்புச் செருப்பு இருந்தது. இடுப்பில் பெல்ட் இல்லை. அவன் அவிழ்த்திருக்கிறான்.

சுப்புராயன் மணலில் உட்கார்ந்து அழுதான். "ஆரஞ்சின்னுதான் மாஸ்டரே பாத்தேன். நல்லாத்தான் கீறாங்கன்னு நெனச்சி, வாந்தி எடுத்தவங்களுக்கு டீ ஊத்திக் குட்துனு, நெதானமா நங்கூரம் இழுத்துனு இருந்தேனே. ஒரு அர மணி நேரம். கொன்னுட்டனே."

"உன் மேல தப்பு இல்ல. நீ என்ன பண்ணுவ" என்று தோளைத் தட்டினேன்.

மார்ச் 27, புதன்

உடல் தூத்துக்குடிக்குப் போய் அடக்கம் முடிந்துவிட்டது. முதலாளி போயிருந்தார். நான் காய்ச்சல் என்று போகவில்லை.

அறிக்கையில் விட்டுப்போனவை சில உண்டு. எழுதிவிட்டு வேண்டுமானால் கிழித்துக்கொள்ளலாம்.

கேமரா எடுக்க ரெமி மட்டும் போதும். அவனே, "நீங்க இருங்க மாஸ்டர், ஒரு முங்குல எடுத்தாந்துருதேன்" என்றான். விருந்தாளிகள் முன்னால் அப்படிச் சொன்னதால் நானும் குதித்தேன்.

மேலே வரும்போது பத்து மீட்டரில் என் சட்டையில் காற்று நிற்கவில்லை. பட்டனை அழுத்த அழுத்த முதுகுப் பக்கம் குமிழி குமிழியாகப் போனது. சிலிண்டரில் முள் முப்பதில். காலை அடித்து அடித்துத் தொடை கெட்டிப்பட்டுவிட்டது. ரெமி வந்து என் தோள் வாரைப் பிடித்துக்கொண்டான். என் முள்ளைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான். பிறகு இடது பாக்கெட்டைத் திறந்து மஞ்சளை எடுத்து ஒரு உதறு உதறினான்.

அவனுக்கு அது ஐம்பத்தொன்பது. மஞ்சள் விட்டால் மறுபடி ஒன்று. ஜெசி, ஈஸ்டர், திங்கட்கிழமை விமானம் எல்லாம் போய்விடும். தெரிந்துதான் எடுத்தான். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

நான் அவன் மணிக்கட்டைத் தொட்டேன்.

பிடித்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த ஆழத்தில் என் காதுக்குள் கேட்டது சுப்புராயனின் குரல்தான்: 'மாஸ்டரே மஞ்ச கடுதாசி குட்துட்டாரு!' படகு சிரிப்பது கேட்டது. கழுத்தில் மஞ்சளோடு என் போட்டோ சுவரில் தெரிந்தது. மஞ்சளை அவன் கையிலிருந்து பிடுங்கி என் வாருக்குள் செருகிக்கொண்டு, அவன் வலது பாக்கெட்டிலிருந்து ஆரஞ்சை நானே எடுத்து ஊதினேன். என் கையால்தான் விட்டேன்.

மார்ச் 28, வியாழன்

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

கடல் மேல் வந்ததும் நான் மூழ்க ஆரம்பித்தேன். பெல்ட் ஞாபகமே வரவில்லை. முதல் நாள் முதல் பாடமாக ஆயிரம் பேருக்குச் சொன்னது, எனக்கு வரவில்லை. ரெமி தன் பெல்ட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஊதி என் நெஞ்சுக்குக் கீழே தள்ளினான்.

"இதுல படுத்துக்கிடுங்க. நான் மெதந்துக்குவேன்ணே."

மாஸ்டர் என்று சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

படகு தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அசையவே இல்லை. "மஞ்சளக் குடுங்கண்ணே, இப்பயாவது ஊதிருவோம்" என்றான். "ஆரஞ்சப் பாத்திருப்பாங்க, வந்துருவாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி அதையே சொன்னேன். மஞ்சள் என் கையில் இருந்தது. தோளில் விசில் இருந்தது. என் சட்டையில் ஒன்று, அவன் சட்டையில் ஒன்று.

"நீவாடு நம்மள வெளிக்கடலுக்கு இழுக்குண்ணே. இப்படியே போனா ஆரஞ்சும் அவங்க கண்ணுக்குத் தெரியாது. நான் நீந்திப் போயிக் கூட்டியாரேன்."

எச்சரித்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்னது, "போ."

மார்ச் 31, ஞாயிறு

இன்று ஈஸ்டர். வாஷர் வாங்கி வந்து மாட்டினேன். மூன்று நிமிட வேலை.

ஏப்ரல் 6, சனி

ஜெசிந்தா வந்திருந்தாள். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில், தனியாக. அவனுடைய சாமான்களை வாங்கிப் போக. கறுப்புப் புடவை, ஒல்லியான உடம்பு, தூங்காத கண். என்னைப் பார்த்ததும் கை கூப்பினாள்.

"நீங்கதான மாஸ்டர்? ஒங்களப் பத்தி நெறைய சொல்லுவாக சார். கண்டிப்பான ஆளு, ஆனா தொழில் சுத்தம்னு."

உட்காரச் சொன்னேன். சுப்புராயன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசல் பக்கம் நின்றான். அவள் கண் சுவருக்குப் போனது. போட்டோவை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைக்கிறேன். கீழே இருந்த எழுத்தை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். சுப்புராயனாகத்தான் இருக்கும்.

"மால போட்டாப்புல நிக்காக" என்றாள். "என்னமா சிரிக்காக! இது எனக்கு வேணும் சார். அவுக தனியா நிக்க போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

கழற்றிக் கொடுத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மஞ்சள் விட்டா ஓடி வந்துருவாங்கன்னு அவுகளே எனக்குச் சொல்லியிருக்காக. ஏன் சார் விடல?"

இரண்டு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் கேட்டதும் பதில் தயாராக வாயிலிருந்து வந்தது. "கணக்கு கெட்டுருமேன்னு பயந்திருக்கலாம்மா. உங்ககிட்ட வரணும்னு ரொம்ப அவசரமா இருந்தான். உங்களத்தான் நினைச்சுட்டு இருந்தான்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கடைசி வரியைச் சேர்த்தேன். அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான் சார் வெரட்டுனேன். தெனமும் போன் போட்டு எப்ப வருவீக எப்ப வருவீகன்னு. ஈஸ்டருக்கு வரலன்னா வரவே வேண்டாம்னு கடைசியாச் சொன்னேன். நாந்தான் கொன்னுட்டேன்."

இல்லையம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்ற சுப்புராயன்கூட நான் சொல்வேன் என்று என் வாயையே பார்த்தான். நான் மேஜை டிராயரைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்தேன். அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் மேல் ஒரு சொட்டு விழுந்து என் கையெழுத்து கொஞ்சம் கலைந்தது.

பிறகு சட்டையைக் கேட்டாள். அவன் கடைசியாகப் போட்டிருந்து எனக்குக் கழற்றித் தந்த மிதவைச் சட்டை அது. விசாரணை முடிந்து அப்படியே கொடுத்திருந்தார்கள், அலசக்கூட இல்லை. மடியில் வைத்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் தடவினாள். வலது பாக்கெட் காலி. இடது பாக்கெட்டைத் திறந்து மஞ்சளை எடுத்தாள்.

விசிறி மடிப்பு. ஒரு சாண், திருப்பி ஒரு சாண், வாய் வெளியே தெரிய.

அதைப் பார்த்ததும்தான் அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"வீட்டுல எதையும் மடிக்க மாட்டாக சார். சாரம், துண்டு, எஞ் சேல எல்லாத்தையும் பாய் மாதிரி சுருட்டி வப்பாக. கல்யாணமான நாள்ல இருந்து எனக்கும் அவுகளுக்கும் இதே சண்டதான். இங்க வந்து மடிக்கப் படிச்சிட்டாக போல."

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"நல்லா இருங்க சார்" என்றாள். மடிப்புக் கலையாமல் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, முகம் கழுவப் போனாள்.

சுப்புராயன் உள்ளே வந்தான். பத்து வருடத்தில் முதல் தடவையாக என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கிக் காலைல போட்டுல என் பக்கத்துல குந்திகினுதான் மாஸ்டரே சாமான அட்க்கினான். மஞ்சளச் சுருட்டித்தான் சொருவினான். நான் பாத்தேன்."

நான் டிராயரை மூடினேன்.

"இத எப்ப மட்ச்ச?"

மரியாதை போனதைக் கவனித்தேன். கேட்டது நியாயமான கேள்வி. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ரெமி நீந்திப் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். அவன் தலை அலைக்கு அலை தெரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போது படகு திரும்புவதைப் பார்த்தேன். வந்துவிடுவார்கள், என் கையில் மஞ்சளைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அவன் சட்டை மேல் படுத்தபடியே, ஈரத்தோடு, ஒரு சாண், திருப்பி ஒரு சாண் என்று மடித்து அவன் பாக்கெட்டிலேயே வைத்து மூடினேன். அலையில் இரண்டு தடவை பிரிந்துபோய்த் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலை இல்லை.

"அந்தம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. வண்டில ஏத்திக்கிட்டுப் போய் விட்டுட்டு வா" என்றேன்.